ஊட்டியில் நடு அமுங்காத அரசாணிக்காய் கேக்

ஐப்பசி மழையில் ஓவனைப் போட்டால் வீடும் கதகதப்பாகும், வாங்கிப் போட்ட அரசாணிக்காயும் (மஞ்சள் பூசணிதான்) செலவாகும். ஆனால் கோயம்புத்தூர் அக்கா கொடுத்த அளவில் செய்த கேக், இங்கே ஊட்டியில் பொங்கி எழும்பிவிட்டு நடுவில் பொதுக்கென்று அமுங்கிவிடும். அடியில் களி மாதிரி ஈரம் வேறு.

அமுங்கலுக்குக் காரணம் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு அதிகமாக விரிந்து, மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் உடைந்துவிடுகின்றன. ஒன்றரை டீஸ்பூன் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்தேன், சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி கழித்தேன், சூட்டை 180 டிகிரியிலிருந்து 190க்கு ஏற்றினேன். நடு நின்றுவிட்டது.

ஈரத்துக்குக் காரணம் காயேதான். குக்கரில் வைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும். இப்போது விதையும் நாரும் வழித்துவிட்டு, தோலோடு பெரிய துண்டுகளாக ஓவனிலேயே சுடுகிறேன். ஓரம் லேசாகக் கருகி, கத்தி தடையில்லாமல் இறங்கினால் போதும். சதையை மசித்து வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மஞ்சள் தண்ணீர் சொட்டும் (கொட்டிவிடாதீர்கள், சாம்பாருக்கு ஆகும்). கரண்டியைக் கவிழ்த்தாலும் மசியல் சட்டென்று விழக்கூடாது, அதுதான் பதம். வாசனைக்குப் பட்டையும் சுக்கும் போடுவேன். ஜாதிக்காய் எனக்கு ஆகாது.