பழைய கோல்ட் ரிவால்வரைப் புதுசாக்காதீர்கள்

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1873இல் கோல்ட் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர். அதைச் சேகரிக்க வருபவர்கள் செய்கிற முதல் தவறே, மங்கிப்போன துப்பாக்கிக்குப் பாலிஷ் போட்டு மெருகேற்றுவதுதான். அன்றைக்கு ஃபிரேமை, அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தை, எலும்புக்கரியோடு சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். அதில் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து திட்டுத்திட்டாக நிறம் ஏறியது. அது கொஞ்சம் மிச்சமிருந்தாலே பெரிய விஷயம். ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது. மறுபடி நிறம் ஏற்றினாலும் அசலின் மதிப்பு கிடைக்காது.

வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். பாலிஷ் சக்கரம் பட்ட துப்பாக்கியில் ஸ்குரூ துளைகளின் விளிம்பு குழிந்திருக்கும், ஃபிரேமின் முனைகள் மழுங்கியிருக்கும், இடப்பக்கம் பொறித்த காப்புரிமைத் தேதிகள் மெலிந்து தெரியும். பளபளப்பில் மயங்கிக் காசைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது சீரியல் நம்பர். ஃபிரேமிலும், விசைக் காப்பிலும், கைப்பிடியின் பின்பட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பாகம் மாற்றியது என்று பொதுவாக ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆர்ட்டிலரி மாடலை அப்படி ஒதுக்குவது தவறு. 1890களின் நடுவில் ராணுவம் தன்னிடமிருந்த ஏழரை அங்குலக் குதிரைப்படைத் துப்பாக்கிகளைத் திரட்டி, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டிப் பழுதுபார்த்தது. பிரித்த பாகங்களை எண் பார்த்துப் பூட்டவில்லை. அதனால் அந்த மாடலில் எண்கள் கலந்திருப்பதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கலவையே பிடிக்கும். பட்டறையில் நடந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, கையில் எடுத்ததும் என்ன செய்கிறோம்? முதலில் தோட்டா போடும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சிலிண்டர் எனும் சுழலும் உருளையின் ஆறு அறைகளும் காலியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதற்கு ஹாமரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, பாதி இழுத்துத்தான் சிலிண்டரைச் சுழற்ற வேண்டும். பார்த்து முடித்ததும் ஹாமரை அங்கிருந்தே இறக்கிவிடுவது பலருக்குப் பழக்கம். அப்போது சிலிண்டரை நிறுத்தும் சின்னப் பூட்டு அதன் பள்ளத்தில் விழாமல் மேற்பரப்பில் உட்காரும். அடுத்த சுழற்சியில் சிலிண்டரைச் சுற்றிக் கீறல் விழும். கதவை மூடி, ஹாமரை முழுக்க இழுத்து, அப்புறம் மெதுவாக இறக்குங்கள்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். கருமருந்துக் காலத்து ஃபிரேமில் நவீன தோட்டாவைச் சுடவே கூடாது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரை செய்தவை பழம்பொருள் கணக்கில் வரும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதையும் பாருங்கள். விலை பெரிதென்றால் கோல்ட் ஆவணக் காப்பகத்தில் கடிதம் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்தக் குழல் நீளத்தில், எந்தப் பூச்சோடு ஆலையை விட்டுப் போனது என்று வரும். ஆனால் அது அந்த எண்ணுக்கான பதிவு மட்டுமே. எண்ணையே யாராவது மாற்றிப் பொறித்திருந்தால் கடிதம் காட்டிக்கொடுக்காது. பூதக்கண்ணாடியை எடுத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.