இணையத்தின் புகழ் பாடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையமும் சமூகமும் குறித்துப் புதிதாக எழுத வருவோரின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை என்பதால், பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதி அச்சிலும் வந்துவிட்ட அபத்தங்களை, மாதத்துக்கு இரண்டு முறையாவது வேறொருவர் பெயரில் படிக்க நேர்கிறது. எழுத்துப்பிழை, ஆதாரமற்ற புள்ளிவிவரம் போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆரூடத்தைச் சான்றாகக் காட்டுதல்

1996 பிப்ரவரியில் இணைய உரிமைச் செயற்பாட்டாளரான அமெரிக்கர் ஜான் பெரி பார்லோ, சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்தபடி வெளியிட்ட இணையவெளிச் சுதந்திரப் பிரகடனம், அரசுகளுக்கு அங்கே இறையாண்மை இல்லை என்றது. அதை மேற்கோள் காட்டுங்கள். ஆனால் நடந்துமுடிந்த செய்தியைப் போலக் காட்டாதீர்கள். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டபோதும் இனிப் போர் ஒழியும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது.

கருவியை நாயகனாக்குதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 2011-இல் எகிப்தியக் கிளர்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ‘முகநூல் புரட்சி’ என்று ஒரே இரவில் நான்கு பக்கம் எழுதினேன். வெளியான வாரமே அஞ்சலட்டையில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “இணையத்தை நிறுத்திய நாட்களில் கூட்டம் குறைந்ததா, கூடியதா?” எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அதைத் தேடவேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை.

போராட்டம் ஜனவரி 25 அன்று தொடங்கியது. 27 நள்ளிரவையொட்டி அரசு நாட்டின் இணையத்தை ஏறத்தாழ முழுமையாகத் துண்டித்தது. மறுநாள் கைப்பேசிகளும் அடங்கின. அந்த வெள்ளிக்கிழமைதான், தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து புறப்பட்ட ஊர்வலங்கள் பெருகி, மாலைக்குள் காவல்துறையைத் தெருக்களிலிருந்து பின்வாங்கச் செய்தன. இணையம் பிப்ரவரி 2-இல்தான் திரும்பியது. 2010-இல் காவல்துறையினர் அடித்துக் கொன்ற இளைஞர் காலித் சயீதின் பெயரிலான முகநூல் பக்கம் முதல் அழைப்பைப் பரப்பியதை நான் மறுக்கவில்லை. ஆனால் எகிப்தின் மஹல்லா நகரத் துணி ஆலைத் தொழிலாளர்கள் 2006 முதலே நடத்திவந்த வேலைநிறுத்தங்களுக்கு என் நான்கு பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. இதைவிட மோசம், ஒரு கல்லூரி அக்கட்டுரையை மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தது. பிறகு நான் எழுதிய திருத்தத்தை யாரும் நகலெடுக்கவில்லை.

‘இணையம்’ என்பதை எழுவாயாக்குதல்

எந்த நிறுவனம், எந்தச் சேவை, யார் பயன்படுத்தியது என்று எழுதுங்கள்.

தலைகீழாக்குதல்

‘இணையம் பண்பாட்டை அழித்துவிட்டது’ என்பதும் இதே தவறு.

வெற்றியோடு கதையை முடித்தல்

என் எகிப்துக் கட்டுரை, அதிபர் முபாரக் பதவி விலகிய பிப்ரவரி 11-இன் வாணவேடிக்கையோடு நின்றுவிட்டது. 2013 ஜூலையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2018-இல் எகிப்து இயற்றிய சட்டம், 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிநபர் சமூக ஊடகக் கணக்குகளையும் ஊடக நிறுவனமாகவே கருதி, அவற்றை முடக்கும் அதிகாரத்தை அரசின் ஊடக மன்றத்திடம் கொடுத்தது.