காட்டுச் சுவர்க்கோழியைப் புதிய இனமாக விவரிப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடொன்றில் கிடைத்த சுவர்க்கோழி (இரவில் இரையும் 'கிரிக்கெட்' பூச்சி) ஒன்றைப் புதிய இனமென விவரிக்கும் கட்டுரையை எங்கள் சிறு குழு அண்மையில் ஆய்விதழுக்கு அனுப்பி முடித்தது. அந்த வேலையில் பெரும்பகுதி என் பிழைகளை நானே திருத்துவதில் கழிந்தது. அடுத்து வருபவருக்கு அந்தக் காலமாவது மிஞ்சட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பூச்சியைப் பிடிப்பது, ஊசியில் குத்துவது, நுண்ணோக்கியைக் கையாள்வது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

'சில்வண்டு' என்ற சொல்லை நான் இங்கே தவிர்க்கிறேன். பகலில் மரத்தண்டிலிருந்து இரையும் சிக்காடாவையும் பலர் அதே பெயரால் அழைக்கிறார்கள். சிக்காடா மூட்டைப்பூச்சியின் வரிசையைச் சேர்ந்தது. நாம் பேசப்போவதோ வெட்டுக்கிளியின் வரிசையைச் சேர்ந்தது. சுவரே இல்லாத காட்டில் வாழ்வதைச் சுவர்க்கோழி என்பது வேடிக்கைதான் என்றாலும், அந்தச் சொல்லில் குழப்பம் இல்லை.

படி 1: அனுமதி

வனத்துறையின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் ஒரு பூச்சியைக்கூடப் பிடிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதைக் குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகங்களில் ஒன்று. மாதிரியை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறாம் படியில் அது கட்டாயத் தகவலாக மாறும்.

படி 2: பாட்டைப் பதிவு செய்தல்

நான் இடறி விழுந்த இடம் இதுதான்.

சுவர்க்கோழியில் பாடுவது ஆண். வலது முன்னிறகின் அடிப்பக்கத்தில் அரம் போன்ற பற்களுடைய ஒரு நரம்பு இருக்கிறது. இடது இறகின் விளிம்பு அந்தப் பற்களின் மீது உரசிச் செல்கிறது. இறகுகள் ஒருமுறை மூடும்போது எழும் ஒலியை ஓர் அசை என்கிறோம். அசையின் நீளம், அசைகளுக்கு இடையிலான நேரம், ஒரு கொத்தில் உள்ள அசைகளின் எண்ணிக்கை, ஒலியின் முதன்மை அலைவெண் ஆகியவை இனத்துக்கு இனம் மாறுகின்றன. உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இனங்களைப் பாட்டே பிரித்துக் காட்டுவது உண்டு.

ஓர் இரவு, காட்டுத்தரைக்கு அருகில் பாடிக்கொண்டிருந்த ஓர் ஆணை ஒரு மீட்டர் தொலைவிலிருந்து அருமையாகப் பதிவு செய்தேன். கைவிளக்கைப் போட்டதும் பாட்டு நின்றுவிட்டது. ஒலி வந்த திசையில் இலையின் மேல் ஒரு சுவர்க்கோழி அமர்ந்திருந்ததால் அதைப் பிடித்து, எண் இட்டு, பதிவுக்கும் அதே எண்ணை எழுதிவைத்தேன். பல மாதங்கள் கழித்து அரநரம்பின் பற்களை எண்ணியபோதுதான் தவறு வெளிப்பட்டது. பொதுவாக ஒரு பல் உரசினால் ஓர் ஒலியலை பிறக்கும் என்பதால், ஓர் அசையில் உள்ள அலைகளின் எண்ணிக்கை நரம்பில் உள்ள பற்களின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. என் பதிவில் தாண்டியிருந்தது. நான் பிடித்தது பாடியவனை அல்ல, பக்கத்தில் சும்மா அமர்ந்திருந்த வேறோர் இனத்தை.

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அசையின் நீளம் 20 மில்லிநொடி, அலைவெண் 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் 100 அலைகள் இருக்கும். நரம்பில் 80 பற்களே இருந்தால், பதிவும் உடலும் ஒன்றுக்கொன்று சேராதவை.

அதன்பிறகு நான் கைக்கொண்ட வழக்கம் இது. பிடித்த ஆணை வலைத்துணி போர்த்திய டப்பாவில் இலையும் ஈரப்பஞ்சும் வைத்துத் தனியாக விடுகிறேன்; அது மறுபடி பாடும்வரை, மூன்று இரவானாலும், காத்திருக்கிறேன். டப்பாவுக்குள்ளிருந்து வரும் பாட்டு காட்டில் பதிந்த பாட்டோடு ஒத்திருந்தால் மட்டுமே இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறேன்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வெப்பநிலையை வாய்விட்டுச் சொல்லிப் பதியுங்கள். குளிர் கூடினால் பாட்டின் வேகம் குறையும். சுவர்க்கோழியின் பாட்டை எண்ணி வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் டால்பேர் 1897இலேயே சூத்திரம் எழுதினார். 18 பாகையில் பதிந்ததையும் 26 பாகையில் பதிந்ததையும் அருகருகே வைத்து 'வேறு இனம்' என்று முடிவு கட்டினால், நீங்கள் விவரித்தது குளிரைத்தான். கைப்பேசிச் செயலி காட்டும் ஊர் வெப்பநிலை இதற்குப் பயன்படாது; பூச்சி இருந்த உயரத்தில் வெப்பமானியைப் பிடித்து அளக்க வேண்டும்.

கைப்பேசியில் பதிய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்குகிறது. தனி ஒலிப்பதிவுக் கருவியில், சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். பெரும்பாலான சுவர்க்கோழிகளுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (கருவி ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) போதும். ஆனால் அந்த வீதத்தில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பதிவாகாது. லெபிந்தினி என்னும் சுவர்க்கோழிக் குழுவில் அதைத் தாண்டிப் பாடும் இனங்கள் உள்ளன. அலசுவதற்கு இலவசமான ஆடாசிட்டியே தொடக்கத்தில் போதுமானது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு அவசரம் இல்லை.

படி 3: உடலைக் காத்தல்

உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் எடுத்துவிடுங்கள். உலர்ந்த பின் பச்சை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். மரபணு ஆய்வுக்காக நடுக்கால் ஒன்றை எடுத்துத் தூய எத்தனாலில் இடுங்கள். முன்காலை மட்டும் தொடாதீர்கள். சுவர்க்கோழியின் செவிப்பறை முன்காலில்தான் இருக்கிறது. அது காலின் உட்புறத்தில் உள்ளதா, வெளிப்புறத்தில் உள்ளதா, இருபுறமும் உள்ளதா என்பது விவரிப்பில் எழுத வேண்டிய பண்பு.

முதிர்ந்த பூச்சிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இறகு வளராத இளம்பருவத்தை இறகற்ற புதிய இனம் என்று மகிழ்ந்துபோவது தொடங்குவோர் பலருக்கு நேர்கிறது. ஒரே இனத்தில் நீண்ட இறகுள்ளவையும் குட்டை இறகுள்ளவையும் இருப்பது உண்டு என்பதால், பின்னிறகின் நீளத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து.

படி 4: ஆணின் பிறப்புறுப்பு

நெருங்கிய இனங்களைப் பிரிப்பதற்கு வகைப்பாட்டியலாளர் பெரிதும் நம்புவது இதைத்தான். வயிற்று நுனியிலிருந்து உறுப்பைப் பிரித்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசை கரைந்து கடினத் தகடுகள் மட்டும் மிஞ்சும். சூடாக்கினால் வேலை விரைவில் முடியும் என்று பல குறிப்புகள் சொல்கின்றன. நானும் சூடாக்கினேன், தகடுகளே கண்ணாடிபோல் வெளிறி, விளிம்பு எது, சவ்வு எது என்று தெரியாமல் போய்விட்டது. அறை வெப்பநிலையில் ஓர் இரவு விட்டு, இடையிடையே பாருங்கள். பிறகு நீரில் நன்கு கழுவுங்கள்.

படம் எடுக்கும்போது உறுப்பு உருண்டுகொண்டே இருக்கும். இதற்குச் சிறந்த தீர்வு கைகழுவும் சானிடைசர் ஜெல்: குழிவான கண்ணாடித் தகட்டில் சிறிது ஊற்றி அதற்குள் அமர்த்தினால் நீங்கள் திருப்பிவைத்த கோணத்திலேயே நிற்கும். மேலிருந்தும், கீழிருந்தும், பக்கவாட்டிலும் என மூன்று கோணங்கள் தேவை. முடிந்ததும் கிளிசரின் நிறைந்த சிறு குப்பியில் இட்டு, அந்தப் பூச்சியின் ஊசியிலேயே கீழே குத்திவையுங்கள். தனிப் பெட்டியில் வைத்தால் ஒருநாள் தொலையும்.

படி 5: ஏற்கெனவே பெயர் உள்ளதா?

முதலில் திறக்க வேண்டியது வெட்டுக்கிளி வரிசையின் இனங்களைப் பட்டியலிடும் ஆர்தாப்டெரா ஸ்பீசிஸ் ஃபைல் என்னும் இணையத் தரவுத்தளம். இந்தியச் சுவர்க்கோழிகளைப் பற்றி லூசியான் ஷொப்பார் எழுதி 1969இல் வெளிவந்த தொகுதி இன்றும் தவிர்க்க முடியாதது. பழைய விவரிப்புகள் பல மிகச் சுருக்கமானவை. 1869இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வாக்கர் எழுதியவற்றை வைத்துக்கொண்டு எந்த இனத்தையும் உறுதியாகச் சொல்ல இயலாது. அப்போது லண்டன், பாரிஸ், கொல்கத்தா காப்பகங்களில் உள்ள மூல மாதிரியின் படத்தைக் கேட்டுப் பெற வேண்டும். மடல் எழுதிப் பொறுமையாகக் காத்திருங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் 'புதிய' இனங்களே பின்னாளில் பழைய பெயரின் இணைப்பெயராகச் சுருங்குகின்றன.

படி 6: எழுதுதலும் பெயரிடுதலும்

ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று அறிவியுங்கள். பெயர் என்றென்றும் அந்த உடலோடு கட்டப்பட்டிருக்கும். பாடிப் பதிவான, உறுப்புகள் முழுமையான ஆணையே தேர்ந்தெடுங்கள். அரநரம்பின் பற்களை எண்ணுவதற்கு இறகைக் கழற்ற வேண்டியிருந்தால், அதைப் பாராடைப்பில் (ஹோலோடைப்போடு சேர்த்துக் கட்டுரையில் குறிக்கும் மற்ற மாதிரிகளில்) செய்யுங்கள்.

விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதிப்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு, அது புதிய இனம் என்ற வெளிப்படையான அறிவிப்பும், ஹோலோடைப் எந்தக் காப்பகத்தில் வைக்கப்படும் என்ற கூற்றும் கட்டாயம். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால், 2012 முதல் உள்ள விதிப்படி ஜூபேங்க் என்னும் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். நெருங்கிய இனங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்ற பகுதியை, முழு உடல் விவரிப்புக்கு முன்பே, சில வரிகளில் எழுதுங்கள். படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

பெயரடையாக அமைந்த பெயர் பேரினத்தின் பால் விகுதியோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டுச் சுவர்க்கோழியின் பெயரைப் பாருங்கள்: அச்சீட்டா டொமெஸ்டிக்கஸ் (லின்னேயஸ், 1758). 'ஆ' என்று முடிவதால் அச்சீட்டாவைப் பெண்பால் என்று எண்ணி 'டொமெஸ்டிக்கா' என்று எழுதியவர் பலர், அது ஆண்பால். லின்னேயஸின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பது, இந்த இனம் அவர் முதலில் வைத்த பேரினத்திலிருந்து பின்னர் மாற்றப்பட்டது என்பதற்கு அடையாளம். உங்கள் புதிய இனத்துக்கு இப்போது அடைப்புக்குறி வராது.

பின்சேர்க்கை

'அம்மாவின் பெயரை வைக்கலாமா?' என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தாராளமாக. பெண்ணின் பெயருக்கு 'ae' விகுதியும் ஆணின் பெயருக்கு 'i' விகுதியும் சேரும். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. துறையில் யாரும் அதை மதிப்பதில்லை. கட்டுரை வெளியாகும் முன் பெயரை எங்கும் உலவவிடாதீர்கள். எங்கள் இனத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் அதுவே காரணம்.

எத்தனாலில் வைத்த மாதிரிகளின் சீட்டு வெறும் தாளாகிவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பந்துமுனைப் பேனாவின் மை எத்தனாலில் கரையும். பென்சிலால் தடித்த தாளில் எழுதி, அந்தச் சீட்டைக் குப்பியின் வெளியே ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள்.