ஃப்ளாட்டில் பூனையா? முதலில் வீட்டின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்

பூனை வந்தபிறகு அக்கம்பக்கத்தில் சண்டை கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் காரணம் பூனை இல்லை, வீடு. நம் ஊர் ஃப்ளாட்டுகளில் திருடனை நினைத்து ஜன்னலுக்குக் கம்பி போடுகிறார்கள், கொசுவை நினைத்து வலை அடிக்கிறார்கள். தலை நுழையும் இடத்தில் எல்லாம் உடம்பையும் நுழைத்துவிடுகிற மூன்று கிலோ பிராணி ஒன்று அங்கே வாழப்போகிறது என்று யாரும் யோசித்துக் கட்டுவதில்லை. அதனால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து வழிகளை அடைத்துவிடுங்கள். பாதிப் புகார்கள் பிறக்கவே பிறக்காது.

பால்கனியில் ஆரம்பியுங்கள். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலை ஊன்றிவிடும் என்று நம்பிக்கொண்டு திறந்தே விடுகிறார்கள், அது பெரிய ஆபத்து. 1987இல் நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். விழுந்த இடத்திலேயே செத்ததை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், அது அந்தக் கணக்கில் வராது. பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடி, தாடை உடைவு, கால் எலும்பு முறிவு என்று பலவும் இருந்தன.

புறா வலை கட்டுகிற ஆட்களையே கூப்பிடலாம், ஆனால் பூனைக்காக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புறா வெளியிலிருந்து வந்து மோதும், அவ்வளவுதான். பூனையோ உள்ளேயிருந்து தள்ளும், நகத்தால் இழுக்கும், கடிக்கும். மேலேயும் பக்கவாட்டிலும் ஒழுங்காகக் கட்டிவிட்டு அடி ஓரத்தில் கொக்கிகளைத் தள்ளித் தள்ளி அடித்துவிட்டுப் போவார்கள், பூனை முதலில் தலையை விடுவதே அங்கேதான். அதனால் கீழே கொக்கிகளை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் கிளம்புவதற்கு முன் உங்கள் கை முஷ்டியை அடியில் எல்லா இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். கை போனால் குட்டியும் போகும். மெல்லிய கம்பி வடங்கள் போடும் 'இன்விசிபிள் கிரில்' போடுவதாக இருந்தால் இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம். நைலான் வலை வெயிலில் இற்றுப்போகும் என்பதால் அவ்வப்போது முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து ஸ்லைடிங் ஜன்னல். கொசு வலைக் கதவைப் பூனை ஒரு கையால் தள்ளித் திறக்கக் கற்றுக்கொள்ளும், அது நிச்சயம். தண்டவாளத்தில் ஒரு துண்டு பிவிசி பைப்பையோ மரக்குச்சியையோ அளவாக வெட்டிப் படுக்க வைத்துவிட்டால் கதவு நகராது. வெல்க்ரோ ஒட்டும் வலை ஒரு பல்லியைப் பார்த்ததும் பாய்கிற பாய்ச்சலுக்குத் தாங்காது, அங்கே சட்டத்தோடு கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் சரி.

எல்லோரும் மறந்துவிடுகிற இடம் பாத்ரூம் வென்டிலேட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதற்காக இரண்டு கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றியிருப்பார்கள், மிச்சச் சந்து அப்படியே இருக்கும். அதன் வழியாகப் பூனை, எல்லா மாடிக் குழாய்களும் இறங்குகிற டக்டுக்குள் இறங்கிவிட்டால் குழாய்களுக்கு நடுவில் நின்று கத்தும், நாலு மாடிக்கும் கேட்கும், எடுப்பதற்குத் தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிட வேண்டிவரும். ஒரு துண்டு வலையும் நாலு ஸ்க்ரூவும் போதும், இன்றைக்கே அடியுங்கள்.

பூனை மலஜலம் கழிக்கிற மண்தொட்டியான லிட்டர் பாக்ஸை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தலைவலி. நம் பாத்ரூம்களில் தரை எப்போதும் ஈரம், மண் சேறாகிப் பூனை அந்தப் பக்கமே போகாமல் சோபாவுக்குப் போய்விடும். வாஷிங் மெஷின் வைக்கிற யூட்டிலிட்டி பரவாயில்லை, ஆனால் கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே அந்தக் கதவைச் சாத்திவிடுவோம். சொந்த வீடென்றால் கதவின் அடியில் ஒரு பூனைக்கதவு வெட்டிவிடுங்கள். வாடகை வீடென்றால் ஹால் மூலையிலேயே மூடி போட்ட பாக்ஸாக வையுங்கள், தினமும் இரண்டு வேளை அள்ளினால் வாசலில் நிற்பவருக்கு நாற்றம் தெரியாது. அள்ளியதை டாய்லெட்டில் மட்டும் கொட்டாதீர்கள். பாக்ஸில் போடுகிற பென்டோனைட் என்ற களிமண் தண்ணீர் பட்டதும் உப்பிக் கட்டியாகும், பைப் அடைத்தால் கீழ்வீட்டுக்காரரோடு வாழ்நாள் பகை. கவரில் கட்டிக் குப்பையோடு கொடுங்கள், குப்பை வாங்குபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

வீடு துடைக்கிற அக்காவிடமும் ஒரு விஷயம் சொல்லவேண்டும்: கறுப்பு ஃபினாயில் கூடவே கூடாது. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது, பூனையோ ஈரத்தரையில் நடந்துவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கும். காமன் ஏரியாவிலும் அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்றால் உங்கள் வாசலுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்பார்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவது அதைவிட மோசம், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனையின் உயிரே போகலாம்.

இனி மனிதர்கள். பூனை வரும் முன்பே எதிர்வீடு, மேல்வீடு, கீழ்வீடு மூன்றுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். "ஆன்ட்டி, பூனை வளர்க்கப் போறோம், வெளியே விடமாட்டோம், ஏதாவது தொந்தரவுன்னா என்கிட்டயே சொல்லுங்க" என்றால் போதும். மொட்டை மாடியில் வடாம் காய்கிற மாதங்களில் மாடிக்கதவைச் சாத்தி வைக்கிற பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பூனை குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று நினைக்கிற பெரியவர் இருந்தால் அவரோடு வாதாடி ஜெயிக்கப்போவதில்லை, உங்கள் கதவு மூடியிருந்தால் பேச்சே எழாது. ராத்திரிக் கூச்சலுக்கும் சுவரில் அடிக்கும் மூத்திர நாற்றத்துக்கும் ஒரே நல்ல வழி கருத்தடை ஆபரேஷன், ஐந்தாறு மாத வயதில் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அசோசியேஷன் வளர்க்கவே கூடாது என்று தீர்மானம் போட்டால் பயப்படவேண்டாம். செல்லப்பிராணிக்குத் தடை போடவோ லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ சங்கத்துக்கு உரிமை இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, பூனைக்குப் போட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் சான்றிதழையும் சேர்த்துச் செயலாளர் கையில் அமைதியாகக் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை பிற்பாடு உதவாது.

தீபாவளிக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். 2018இலிருந்து தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் வெடிக்கவேண்டும் என்று இருந்தாலும் முந்தின நாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜன்னல் குறைவான அறையில் லிட்டர் பாக்ஸ், தண்ணீர், ஓர் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்துப் பூனையை உள்ளே விட்டு, ஃபேனை வேகமாகப் போட்டுவிடுங்கள். அது பரணில் போய் ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள், தானாக இறங்கட்டும். வாசல் மணி அடித்தால் அந்த அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாசலைத் திறங்கள்.