ரிவால்விங் கார்பைன் சிலிண்டர் இறுகிப்போச்சு, சரி பண்ணது இப்படித்தான்

ரிவால்விங் கார்பைன்னா ரிவால்வர் மாதிரியே சிலிண்டர் (குண்டு போடற ஆறு அறை உள்ள உருளை) சுத்தற நீளத் துப்பாக்கி. என்னோடது டெக்சாஸ்ல ஒரு பழைய துப்பாக்கி கண்காட்சில செகண்ட் ஹேண்டா வாங்கினது, 1858 ரெமிங்டன் மாடலோட இத்தாலி ரீப்ரொடக்‌ஷன், .44 காலிபர், 18 இன்ச் பேரல், பாத்ததுமே விட்டுட்டு வர மனசு வரல. ஆனா ரேஞ்சுல ரெண்டு சிலிண்டர், அதாவது 12 ரவுண்டு சுட்டதும் இறுகிடுச்சு, ஹேமரை (சுடறதுக்கு முன்னாடி பின்னால இழுக்கற சுத்தியல்) இழுக்கவே முடியல, உள்ள ஏதோ உடைஞ்சிடுச்சோன்னு பயந்தே போனேன்.

கழட்டிப் பாத்தா சிலிண்டர் பின் (சிலிண்டர் சுத்தற அச்சு) முழுக்க கரி. இதுல போடற கருமருந்து (பழைய காலத்து வெடிமருந்து) எரிஞ்சா அதோட எடைல பாதிக்கு மேல திடக் கழிவாத்தான் நிக்கும், அதுவும் இந்த மாடல்ல பின் மெல்லிசு, கோல்ட் கம்பெனி ரிவால்வர்ல இருக்கற மாதிரி கிரீஸ் நிக்க பள்ளமும் கிடையாது.

சோப்பு வெந்நீர்ல கழுவி, நல்லா காய வச்சு, ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்து பின்ல தடவினேன் (பெட்ரோலியம் கிரீஸ் வேண்டாம், கரியோட சேந்து தார் மாதிரி ஆயிடும்), மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல அதே கலவைல ஊறின ஃபெல்ட் வாட் (கம்பளி வில்லை) வச்சேன். அடுத்த வாரம் 30 ரவுண்டு, எங்கயும் சிக்கல.

இன்னொண்ணு, சுடும்போது இடது கையை சிலிண்டருக்கு முன்னாடி கொண்டு போகவே போகாதீங்க, செயின் ஃபயர் ஆனா பக்கத்து அறை குண்டும் சேந்து வெடிச்சு வரும், நான் ட்ரிக்கர் கார்டுக்கு கீழதான் பிடிக்கறேன்.