ஒப்பிப்பதை நிறுத்திய அட்டை

என் வகுப்பில் பேச வந்தவர்கள் எல்லாரும் எழுதி வந்ததை அப்படியே ஒப்பித்தார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் போச்சு, சிலைதான். ‘பயப்படாமல் பேசு’ என்று சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்டால் பயம்தான் கூடுகிறது.

அப்புறம் முழுத்தாளுக்குத் தடை போட்டேன். உள்ளங்கை அளவு அட்டையில் 5 சொற்கள் மட்டும். அதை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் 3 நிமிடம் பேச வேண்டும். பிறகு ஆளை மாற்றி, அதே விஷயத்தை 2 நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் ஒன்றரை நிமிடம். அதற்குள் வாக்கியங்கள் தானாக வந்துவிடுகின்றன. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்ய விட்டேன், தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு மாணவியின் குரல் மட்டும் எழும்பவே இல்லை. சரி என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்கும்படி பேசினாள்.