பழைய பர்மா பத்திரங்களில் முதலாளி யார்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் பழைய தமிழ்க் கணக்குகளையும் பத்திரங்களையும் வாசித்துச் சொல்வது எனக்கு நெடுநாள் வேலை. இப்போது குடும்ப வரலாறு, கோயில் வரலாறு என்று இளையவர்கள் பலர் இந்தத் தாள்களைக் கையில் எடுக்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் திரும்பவும் வருகின்றன. எழுத்துப்பிழை, தேதிக் குழப்பம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், பழகப் பழகச் சரியாகிவிடும். சொத்து யாருடையது, தொழில் யாருடையது என்று எழுதும் இடத்தில் வருகிற தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

ஏஜெண்டை முதலாளி ஆக்குவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

செட்டியார் கடைகளில், அதாவது வட்டிக்கடைகளில், முதல் போட்டவர் பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ரங்கூன் (இன்றைய யாங்கூன்) மொகல் தெருவிலோ, பியாப்போன், ஹென்சாடா மாதிரி ஐராவதி டெல்டா ஊர்களிலோ கடையை நடத்தியவர் ஏஜெண்டு. ஊரில் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, மூன்று வருடக் கணக்குக்குக் கப்பல் ஏறி வந்தவர். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி எழுதிக் கொடுத்த பவர், அதாவது அதிகாரப் பத்திரம், ஏஜெண்டின் கையில் இருக்கும். கடன் கொடுப்பது, அடமானம் வாங்குவது, வழக்குப் போடுவது, நிலத்தைக் கிரயம் செய்வது எல்லாமே அவர் கையெழுத்தில் நடக்கும். கடன் கேட்டு வாசலில் நின்றவர்கள் அவரைத்தான் முதலாளி என்று கூப்பிட்டிருப்பார்கள். அந்த வழக்கம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. "எங்க ஐயா பர்மாவில் பெரிய முதலாளி" என்று பேரப்பிள்ளைகள் சொல்வது அப்படி வந்ததுதான்.

வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதையே சான்று மாதிரி எழுதிக் கொடுக்கும்போதுதான் குடும்பங்கள் அழிகின்றன. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் டெல்டா நிலப் பத்திரம் ஒன்றின் நகலோடு என்னிடம் வந்தது. அதை முன்பே ஒருவர் வாசித்து, "இன்னார், நிலச் சொந்தக்காரர்" என்று அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அதை நம்பி அவர்கள் தரகர் ஒருவரைப் பிடித்தார்கள், வக்கீல் வைத்தார்கள், விசா எடுத்து இங்கே வந்து தங்கினார்கள், நகையை விற்றார்கள். என்னிடம் வந்தபோது கையில் இருந்ததெல்லாம் கரைந்திருந்தது. பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். பெயருக்கு அடுத்த வரியிலேயே "மேற்படி விலாசத்தின் ஏஜெண்டு" என்று இருக்கிறது (விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, கடையின் பெயர்), பவர் பதிவான விவரமும் கூடவே இருக்கிறது. அந்த ஒரு வரியை வாசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார் அந்த மனிதர். அந்த நிலம் தாத்தாவுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை.

அப்படியே தாத்தாவுடையதாக இருந்திருந்தாலும், 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது, 1953இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. தானே உழாமல் வெளியே இருந்தவர்களின் வயல் அதோடு போய்விட்டது. இது தெரிந்த ஒருவர் அந்தக் குடும்பத்தைத் தரகரிடம் போகவே விட்டிருக்க மாட்டார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை முழுக்க வாசியுங்கள். பேரேடு, அதாவது கடையின் கணக்குப் புத்தகம், கிடைத்தால் அந்த ஆளின் பெயரில் சம்பளப் பற்று இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் வாங்கியவர் முதலாளி ஆக மாட்டார். அதே கடையின் மூன்று நான்கு வருடத்துக்குப் பிந்தைய தாள் ஒன்றையும் தேடுங்கள், வேறொருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் முந்தியவர் கணக்கு முடித்து ஊருக்குப் போய்விட்டார் என்று கொள்ளலாம். முதல் போட்டவரே வந்து உட்கார்ந்து நடத்திய கடைகளும் இருந்தன என்பதால், எல்லாரையும் ஏஜெண்டு என்று தள்ளிவிடவும் கூடாது. ஒன்றும் தெரியாத இடத்தில் "கையெழுத்திட்டவர்" என்று எழுதுங்கள், அது போதும்.

விலாசத்தை ஆள் பெயராக வாசிப்பது

மூன்று, நான்கு, சில சமயம் ஆறேழு எழுத்துகள் வரிசையாக வந்தால் அது கடையின் விலாசம். பாட்டன், தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகள் அதில் அடுக்கி வரும். மகன்கள் பிரிந்தால் ஓரெழுத்து கூடும். ஆகவே ஓர் எழுத்து வித்தியாசம் வந்தாலே வேறு கடை, வேறு முதலாளி. எழுத்துகளைச் சுருக்காமல், வரிசை மாற்றாமல், தாளில் உள்ளபடியே எடுத்து எழுதுங்கள்.

அடமானம் வாங்கியவரை நிலத்துக்காரர் என்பது

இதில் தேதி முக்கியம். 1930க்கு முன்னால் செட்டியார்கள் நிலம் தேடி வந்தவர்கள் அல்லர், வட்டிக்குக் கொடுக்க வந்தவர்கள். கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதால் 1937 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. பணமாக வர வேண்டியது வயலாக வந்தது, அவ்வளவுதான். எனவே 1925இல் எழுதிய ஒரு தாளில் செட்டியார் பெயரும் பர்மிய விவசாயி பெயரும் சேர்ந்து இருந்தால், அது அடமானமா கிரயமா என்று முதலில் பாருங்கள். அடமானம் என்றால் சொந்தக்காரர் அந்த விவசாயிதான், அவர் பெயரையும் விடாமல் எழுதுங்கள். தமிழர் வரலாறு எழுதுகிறோம் என்று அவரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பங்காளி

தாயாதியாகவும் இருக்கலாம், கூட்டுக் கடையில் பங்கு போட்டவராகவும் இருக்கலாம். பணம் வரவு பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேஸ்திரி

ஆள் சேர்த்து வந்தவர், கூலி பிரித்துக் கொடுத்தவர். அவர் ஆள் சேர்த்துவிட்ட மில் அவருடையது இல்லை.

1964க்குப் பிறகும் "கடைக்காரர்" என்று எழுதுவது

அந்த ஆண்டு ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய தாளில் அந்தச் சொல் வந்தால் "முன்னாள்" சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள்.

இன்றைய தாள்களில் பெயர் இருப்பவர்

பழையதை வாசிக்கப் பழகியவர்கள் வீட்டுத் தாள்களையும் எடுத்து வருகிறார்கள். வீட்டுக்காரருக்கு எய்ன்ஷின், கடைக்காரருக்கு சைங்ஷின் என்று பர்மியத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தாள் அவ்வளவு சுலபம் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் இருந்தால் அங்கே குடியிருப்பவர் என்றுதான் பொருள், வீடு அவருடையது என்று ஆகாது. கிராண்ட் நிலம் என்றால் அது அரசிடம் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிய குத்தகை. 2008 அரசியல் சட்டத்தின் 37ஆம் பிரிவு நாட்டின் நிலத்துக்கெல்லாம் இறுதி உரிமை அரசுக்கே என்கிறது. ஆகவே கிராண்டில் உள்ளவரை "கிராண்ட் பெயர்க்காரர்" என்று குறித்து, அது எந்த ஆண்டோடு முடிகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.